கறிபூலே வாங்கிவரச் சொன்னால்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஏஜென்ட், அதாவது விருந்தினரின் செய்தியைப் படித்துத் தானாகவே பதிவு போடுகிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள், ஒரு காரை மொரீஷியஸ் தீவின் தப்பான கரைக்கு அனுப்பிவைத்தது. நல்லவேளை, அது சோதனை சர்வர். காரும் கிடையாது, டிரைவரும் கிடையாது, காத்திருந்து விமானத்தைத் தவறவிட்ட விருந்தினரும் கிடையாது. நான் எழுதிப் போட்ட ஒரு செய்தி மட்டும்தான்: "ஃபிலிக்-ஆன்-ஃபிளாக்கில் தங்கியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை காலை பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கு வண்டி வேண்டும்."

ஃபிலிக்-ஆன்-ஃபிளாக் மேற்குக் கடற்கரை. ஃபிளாக் என்பது கிழக்கே இருக்கிற மாவட்டம். ஏஜென்ட் கிழக்குக்குப் பதிவு போட்டுவிட்டு, "உங்கள் வண்டி உறுதியாகிவிட்டது" என்று பணிவாகப் பதிலும் எழுதியிருந்தது. அந்தப் பணிவுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "வேற மாடல் மாத்திடலாம்" என்றான். ஏஜென்டுக்கு மூளையாக இருக்கிற மொழி மாடலைத்தான் சொன்னான். எபேன் சைபர் சிட்டியில் எந்த மாடியில் கேட்டாலும் இதே வைத்தியம்தான் சொல்வார்கள். நான் டூலின், அதாவது பதிவு போட ஏஜென்ட் அழைக்கிற சின்ன நிரலின், விளக்கத்தைத் திறந்தேன். வட்டாரம் என்ற உள்ளீட்டுக்கு நேரே இருந்தது ஒரே வரி: "வண்டி ஏறும் வட்டாரம்." அதற்குக் கீழே ஒன்பது மாவட்டங்களுக்கும் ஒன்பது மூன்றெழுத்துச் சுருக்கங்கள். ஃபிலிக்-ஆன்-ஃபிளாக் பிளாக் ரிவர் மாவட்டத்தில் வருகிறது என்று எங்குமே எழுதவில்லை. பட்டியலில் எஃப், எல் என்று தொடங்கும் சுருக்கம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை ஏஜென்ட் எடுத்துக்கொண்டது. இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் எனக்கு அந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி ரோஸ் ஹில்லுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சிறிய விருந்தினர் விடுதிகளுக்கும் வாடகை வண்டிக்காரர்களுக்கும் பதிவு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியில், முதலில் பயனர் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஏஜென்ட் பயன்படுத்தும் டூல்களுக்கு விளக்கம் எழுதுகிறேன், அந்த விளக்கம் வேலை செய்கிறதா என்றும் பார்க்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலை போலத் தெரியும். ஒரே வேலை இல்லை. கையேட்டைப் படிக்கிற மனிதருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்பார், இல்லாவிட்டால் போன் போட்டுத் திட்டுவார். ஏஜென்ட் திட்டாது. கிடைத்ததை வைத்து நிரப்பிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடும்.

மாடலுக்கு நம் புரோகிராம் கோடு தெரியாது. கூட்டத்தில் என்ன பேசி முடிவெடுத்தோம் என்பதும் தெரியாது. டூலின் பெயர், அதன் விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், இவ்வளவுதான் அதன் முன்னால் விரிக்கப்படுகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாடல் டூல்களை அழைக்க வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங்கைக் கொண்டுவந்ததிலிருந்து இதே கதைதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஜென்டுகளையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியை வெளியிட்ட பிறகு நிலைமை இன்னும் ஒரு சுற்று கூடியிருக்கிறது. நான் எழுதிய டூலை, என்னை முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்தும். அந்த ஏஜென்டுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஒரே பேச்சு அந்த நாலு வரி விளக்கம்தான்.

இதைப் பையனுக்குப் புரியவைக்க என் பழைய அவமானம் ஒன்றைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன், மாமியார் இந்தப் பக்கம் படிக்க மாட்டார்.

வந்த முதல் வருடம். இங்கே தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை. அதற்கு முன்னால் பத்து நாள் விரதம், வீட்டில் கவிச்சி வாடையே கூடாது. விரதத்தின் மூன்றாம் நாள் மாமியார் என்னைக் கடைக்கு அனுப்பினார். அவருக்கு, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோல்தான் வரும், தமிழ் அங்கங்கே. "கோட்டோமிலி, கறிபூலே" என்றார். கோட்டோமிலி உடனே பிடிபட்டது, நம் கொத்தமல்லிதான். கறிபூலே? நான் கப்பலேறுவதற்கு முன்னால் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்தேன். பூலே என்றால் கோழி. கறிக்குக் கோழி. ஒரு கிலோ வாங்கி, துண்டு போட்டு, பையில் தொங்கவிட்டுக்கொண்டு விரத வீட்டுக்குள் நுழைந்தேன்.

கறிபூலே என்பது கறிவேப்பிலை. என் சொந்த மொழிச் சொல், நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்தத் தீவில் கிரியோல் வாயில் உருண்டு உருண்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

என்ன சொல்லியிருந்தால் நான் சரியாக வாங்கியிருப்பேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். "கறிவேப்பிலை என்பது மணமுள்ள ஒரு மரத்தின் இலை, தென்னிந்தியச் சமையலில்..." என்று அரைப் பக்கம் தேவையில்லை. "ரசோனுக்கு" என்ற ஒரு சொல் போதும். ரசத்துக்கு யாரும் கோழி வாங்க மாட்டார்கள். அல்லது "கோழி இல்லை" என்று சொல்லியிருந்தாலும் போதும். அன்றிலிருந்து இன்றுவரை மாமியார் அதைத்தான் சொல்கிறார்: "கறிபூலே, ஃபேய்!" ஃபேய் என்றால் இலை. பதினோரு வருடமாகக் கடைப் பட்டியலில் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் அடைமொழி உண்டு.

என் பங்கும் இருக்கிறது. விரதம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்கலாம். புது மருமகள், கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று கேட்கவில்லை. மாடலுக்கும் இந்தப் புது மருமகள் குணம் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் நான் செய்தது சுத்த அபத்தம். பதினாறு டூல்களின் விளக்கங்களையும் ஒரு அட்டவணையில் போட்டு, நோக்கம் இருக்கிறதா, உள்ளீடுகள் தெளிவா, எப்போது பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறதா என்றெல்லாம் தலைப்பு வைத்து மார்க் போட்டேன். கை வலித்ததும் இன்னொரு மாடலிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். அது நீளமாக எழுதியதற்கெல்லாம் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து இழைத்த விளக்கம் ஒன்று அதில் முதல் இடம். அந்த டூலைத்தான் ஏஜென்ட் பாதி நேரம் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெரிய எழுத்தில் பக்கத்தை நிரப்பி மார்க் வாங்குகிற பையன்களின் ஞாபகம் வந்தது.

விளக்கத்தைப் படித்து மதிப்பிட முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. அது ஏஜென்டை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதனால் கேள்விகளைச் சேகரித்தேன். விடுதிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகள் மாதிரியே, பெயரும் எண்ணும் மாற்றி, ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல் மூன்றும் ஒரே வரியில் கலந்து வருகிற அதே கோலத்தில். ஒவ்வொன்றுக்கும் எந்த டூல் அழைக்கப்பட வேண்டும், என்னென்ன உள்ளீட்டோடு, எதை அழைக்கவே கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். எந்த டூலுமே பொருந்தாத கேள்விகளையும் சேர்த்தேன்: "கடல் இன்று எப்படி இருக்கிறது?" பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபங்ஷன் காலிங் தரவரிசையில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள், பொருந்தாததை அழைக்காமல் சும்மா இருக்கத் தெரிகிறதா என்று பார்க்க. நான் நினைத்ததைவிட அது பெரிய விஷயம். எங்கள் ஏஜென்ட் கடலைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு படகுப் பதிவைத் தேடிக் கொண்டுவந்தது.

அப்புறம், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று டிக் அடிக்கிற பழக்கத்தை விட்டேன். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை ஓட்டினால் ஆறு தடவை ஒன்றும் நாலு தடவை வேறொன்றும் செய்கிறது. 2024ல் வந்த டௌ-பெஞ்ச் சோதனையில் இதைக் கணக்காகவே எடுத்தார்கள்: எட்டுத் தடவை ஓட்டினால் எட்டிலும் சரியாகச் செய்கிறதா? கடை வாடிக்கையாளர் சேவைப் பகுதியில் ஜிபிடி-4ஓ போன்ற மாடலுக்கே அந்த எண் 25 சதவீதத்துக்குக் கீழே வந்தது. சராசரி பார்த்தால் தைரியமாக இருக்கும், எட்டிலும் என்று பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். வண்டிக்காரருக்குச் சராசரி எதற்கு? விமானம் ஒன்றுதானே.

இந்த ஓட்டங்களில் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. எங்களிடம் மூன்று டூல்கள்: ஃபைண்ட் புக்கிங், கெட் புக்கிங், செக் புக்கிங். முதலாவது பெயரோ தொலைபேசி எண்ணோ வைத்துத் தேடும். இரண்டாவது பதிவு எண் கொடுத்தால் விவரம் தரும். மூன்றாவது, டிரைவர் ஒதுக்கப்பட்டுவிட்டாரா என்று மட்டும் சொல்லும். மூன்றையும் எழுதியவர்கள் மூன்று பேர். செக் புக்கிங்கின் விளக்கம்: "பதிவைச் சரிபார்க்கும்." அதை ஏஜென்ட் சீந்தவே இல்லை. நான் அதற்கு நன்றாக எழுதினேன், "பதிவின் நிலை பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இதைப் பயன்படுத்தவும்" என்று. மறுநாள் அந்த டூலின் எண்கள் ஏறியிருந்தன, எனக்குச் சந்தோஷம். ஆனால் எல்லா டூல்களையும் சேர்த்த மொத்த எண் இறங்கியிருந்தது. செக் புக்கிங் இப்போது ஃபைண்ட் புக்கிங்கின் வேலையையும் பிடுங்கிக்கொண்டிருந்தது. போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரிகிற கதை. ஒரு விளக்கத்தைத் தனியாக எடுத்துச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை, அது பக்கத்து வீட்டுக்காரர்களோடுதான் வாழ்கிறது. கடைசியில் முதல் இரண்டையும் ஒன்றாக்கி, மூன்றாவதற்கு டிரைவர் ஸ்டேட்டஸ் என்று பெயர் வைத்தோம். பெயர் மாறியதும் பாதிப் பிரச்சினை தானாகப் போனது. விளக்கத்துக்காக நான் பட்ட பாட்டுக்கு அது கொஞ்சம் அவமானம்தான்.

பட்டியலில் டூல்களின் வரிசையை மாற்றினாலும் முடிவு மாறுகிறது. இரண்டு டூல்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கும்போது, எங்கள் ஓட்டங்களில் பெரும்பாலும் மேலே இருப்பதுதான் தேர்வானது. இதைச் சொன்னபோது பையன் நம்பவில்லை, "வரிசையில் என்ன இருக்கிறது?" என்றான். மொரீஷியஸ் தமிழரிடம் கேட்கிற கேள்வியா இது! 1998ல் வந்த புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை வழக்கமான இடத்திலிருந்து பின்னால் தள்ளி அச்சடித்ததற்கு இங்கே எழுந்த எதிர்ப்பில், 1999ல் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். வரிசையில் எல்லாமே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் வரிசையைக் குலுக்கிப் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இன்னொரு நாள் வீம்புக்கு எல்லா விளக்கங்களையும் அழித்துவிட்டு, வெறும் பெயரையும் உள்ளீட்டுப் பட்டியலையும் மட்டும் வைத்து ஓட்டினேன். ஐந்து டூல்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதாவது அவற்றுக்கு நான் எழுதிய பத்திகள் வெறும் அலங்காரம். ஒவ்வொரு உரையாடலிலும் அந்த அலங்காரத்தையும் மாடல் தூக்கிக்கொண்டு திரிகிறது, டோக்கனுக்கு, அதாவது மாடல் படிக்கிற ஒவ்வொரு சொல் துண்டுக்கும், காசு வேறு. வெட்டினேன். எழுதுகிறவளுக்கு வெட்டுவது வலிக்கும். ஓட்டத்தின் எண்கள் பக்கத்தில் இருந்தால் வலி கொஞ்சம் குறைவு.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். விமானம் 15ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு இறங்குகிறது. எங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. அங்கே அது 14ஆம் தேதி இரவு பத்து மணி. "15ஆம் தேதி பதிவுகளைக் காட்டு" என்றால் அந்தப் பதிவு வராது. ஏஜென்ட் தேதியைச் சரியாகத்தான் கொடுத்திருந்தது. "பதிவின் தேதி" என்று நான் எழுதியதில் எந்த ஊர்த் தேதி என்று இல்லை. இதற்கு விளக்கத்தில் நாலு வரி சேர்த்து ஏஜென்டையே அந்த நாலு மணி நேரத்தைக் கணக்கில் கழிக்கச் சொல்லலாம் என்றார்கள். நான் மறுத்தேன். டூலே மொரீஷியஸ் நேரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே மாற்றிக்கொள்ளட்டும். விளக்கத்தில் "மொரீஷியஸ் நேரம்" என்ற இரண்டு சொல் போதும். இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டமும் உண்டு: கடைசியாக 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை ஒரு கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வருடம் முழுக்க நாலு மணி நேர வித்தியாசம்தான்.

வட்டாரப் பிரச்சினையும் அப்படித்தான் தீர்ந்தது. முதலில் நான் விளக்கத்தில் "ஃபிலிக்-ஆன்-ஃபிளாக் என்பது ஃபிளாக் அல்ல" என்று எழுதினேன். மாமியாரின் "ஃபேய்" மாதிரி. சோதனை பத்துக்குப் பத்து. இரண்டு நாள் கழித்துப் பையன், நான் பார்க்காத புதுக் கேள்விகள் கொஞ்சம் எழுதிக் கொண்டுவந்தான். "ரிவியேர் நுவார்" என்று ஒருவர் கேட்கிறார். பிளாக் ரிவரின் பிரெஞ்சுப் பெயர். ஏஜென்ட் ரிவியேர் டு ரெம்பார் மாவட்டத்தைப் போட்டது, அது வடகிழக்கு. என் கேள்விகளுக்கு ஏற்றபடி என் விளக்கத்தைச் சீவிச் சீவி, அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கேள்விகளில் ஒரு பகுதியை அவன் கணினியிலேயே வைத்திருக்கிறான், எனக்குக் காட்டுவதில்லை. வட்டாரச் சுருக்கத்தை எடுத்துவிட்டோம். ஏஜென்ட் இப்போது விருந்தினர் சொன்ன இடத்தின் பெயரை அப்படியே கொடுக்கிறது, எந்த மாவட்டம் என்று சர்வர் பார்த்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் சர்வர், "இந்தப் பெயரில் இரண்டு இடம் இருக்கிறது, விருந்தினரிடம் கேள்" என்று திருப்பி அனுப்புகிறது. முன்பு அந்த இடத்தில் "400, தவறான உள்ளீடு" என்று இருந்தது. அதைப் பார்த்த ஏஜென்ட் வேறொரு சுருக்கத்தைப் போட்டு மறுபடி முயலும், அது தப்பானாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும். பிழைச் செய்தியும் விளக்கம்தான், தாமதமாக வருகிற விளக்கம். ஆந்த்ரோபிக் காரர்களும் 2024 டிசம்பரில் இதே மாதிரி ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்: கோப்பின் பாதையைப் பாதியில் கொடுக்க விட்டபோது ஏஜென்ட் தடுமாறியது, முழுப் பாதைதான் வேண்டும் என்று டூலை மாற்றியதும் நின்றுவிட்டது.

ரத்து செய்கிற டூலில் மட்டும் நான் பிடிவாதம். "ரத்து செய்யும் முன் உறுதி செய்துகொள்ளவும்" என்று விளக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எம்சிபியிலேயே இந்த டூல் எதையாவது அழிக்கக்கூடியது என்று குறிக்க ஒரு குறிப்பு உண்டு, ஆனால் அது குறிப்பு மட்டும்தான். நம்பத்தகுந்த சர்வரிடமிருந்து வந்தால் தவிர அதை நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. கதவில் "உள்ளே வராதே" என்று பலகை மாட்டுவது பூட்டுப் போட்டதாகாது. எங்கள் ரத்து டூல் இப்போது விருந்தினரின் போனுக்கு அனுப்பப்படும் உறுதி எண்ணைக் கேட்கிறது. விளக்கத்தை எவ்வளவு தப்பாகப் படித்தாலும் அந்த எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இன்னும் அடங்காத ஒன்று இருக்கிறது. கிரியோலில் "டான்டோ" என்று ஒரு சொல். "டான்டோ வண்டி அனுப்பு." பிரெஞ்சு தெரிந்த மாடல் இதை ஒரு தடவை சீக்கிரம் என்று எடுத்துக்கொள்கிறது, இன்னொரு தடவை மதியம் இரண்டு மணி என்று போடுகிறது. பத்துத் தடவையில் பத்து விதம் என்று சொல்ல மாட்டேன், நாலு விதம். விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று நேற்று இரவு மாமியாரிடம் கேட்டேன்: "அத்தை, டான்டோ என்றால் எத்தனை மணி?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "வெயில் தாழ்ந்த பிறகு" என்றார். வீட்டுக்காரர் சோபாவிலிருந்து, மூன்று மணிக்கே டான்டோ தொடங்கிவிடும் என்றார். தேநீர் குடிக்காமல் டான்டோ எப்படித் தொடங்கும் என்று மாமியார் கேட்டார். நான் தூங்கப் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். டூல் மணியும் நிமிடமும் கேட்கிறது. இன்று காலை அந்த உள்ளீட்டுக்கு நேரே, "விருந்தினர் மணி சொல்லாவிட்டால் காலியாக விடவும், அவரிடமே கேட்கவும்" என்று எழுதி ஓட்டத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.